உடம்பு தேற ஒரு மாத்திரை

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜாதகம் பொருந்தியது, பாட்டு வந்தது, பி.காம். பாஸ். ஆனாலும் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று இடத்துக்காரர்களும் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் தேறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இளங்கன்றை விலை பேச வந்தவர்கள்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருப்பார்கள்.

நான் அப்போது ஒரு ஆஸ்பத்திரி லாபில் டெக்னீஷியன். ரத்தம் தொட்ட கை என்பதால் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் நுழைய வேண்டும். அந்த ரத்தத்திலிருந்து எனக்கு என்ன தெரியும் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

இரண்டு மாதத்தில் அக்காவின் முகம் உருண்டு திரண்டது. எதிர்வீட்டு மாமி வாசலில் நின்று, "என்னடி, இப்படித் தடி வெச்சுட்டே! உங்கம்மா என்ன போடறா?" என்றாள். அம்மா பூரித்துப் போனாள். நாலாவது இடத்தில் சரி என்றார்கள். நிச்சயதார்த்தமும் முடிந்தது.

நான் கண்ணால் பார்த்தவை இவை: முகமும் வயிறும் பெருத்தன, கைகால் குச்சியாகவே இருந்தது. தரையிலிருந்து எழுந்திருக்க முட்டியில் கையை ஊன்றினாள். வளையல் இடித்த இடமெல்லாம் கன்றிப் போயிற்று. தூக்கம் இல்லை. சிரித்துக்கொண்டே இருப்பவள் திடீரென்று அழுவாள். அத்தனையும் பார்த்தும், கல்யாணப் பெண் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாராவது இந்த அடையாளங்களை ஒரு காகிதத்தில் எழுதி நீட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். அந்தக் கோபம் எனக்கு என் மேலேயே இன்னும் தீரவில்லை.

நிச்சயம் ஆகி எட்டாம் நாள் அக்கா குளியலறையில் விழுந்தாள். அதற்கு முன் நாலு நாளாக வாந்தி. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம் அடிமட்டத்தில் இருந்தது. மலையாளி டியூட்டி டாக்டர் சலைன் ஏற்றச் சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "கல்யாணம் நிச்சயமாச்சு அல்லே? பையனைப் பிடிக்கலேன்னா பெண்குட்டிகள் இப்படி விழறது உண்டு. மனசு டாக்டர்கிட்ட ஒண்ணு காட்டுங்கோ" என்று ஒரு சீட்டு எழுதினார். அக்கா கண்ணைத் திறந்து, "எனக்குப் பிடிச்சிருக்கு டாக்டர்" என்றாள். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

நான் அம்மாவை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன். "என்ன மருந்து குடுத்தே?"

"மருந்தொண்ணும் இல்லைடி. பழவங்காடியில ஒரு மெடிக்கல் ஷாப்ல உடம்பு தேற மாத்திரை தருவான். தெருவில எத்தனை பொண்கள் சாப்பிட்டிருக்கா! அதையும் நிச்சயம் ஆன அன்னிக்கே நிறுத்தியாச்சு. இனிமே எதுக்கு?"

"பேர் என்ன?"

"வெள்ளையா, சின்னதா இருக்கும். பொட்டலம் கட்டித்தானே தருவான்."

எனக்குப் புரிந்துவிட்டது. பாடத்தில் படித்ததுதான். உடம்புக்கு நெருக்கடி வந்தால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை விடும். அது செல்லுக்குள் போய், ஏற்பி என்ற புரதத்தில் உட்கார்ந்து செல்லின் வேலையை மாற்றும். ஏற்பி தசையில் உண்டு, தோலில் உண்டு, மூளையில் உண்டு. மாத்திரையில் இருந்தது ஸ்டீராய்டாகத்தான் இருக்க வேண்டும்; அதே ஏற்பியில் இன்னும் அழுத்தமாக உட்காரும் சரக்கு. வந்தது சுரப்பியிலிருந்தா கடையிலிருந்தா என்று ஏற்பிக்குத் தெரியாது. அதனால்தான் முகத்தில் கொழுப்பு ஏறியது, தொடையில் தசை கரைந்தது, தூக்கம் கெட்டது, அழுகை வந்தது. தேவைக்கு மேல் இருக்கிறது என்று கண்ட மூளை, சுரப்பிக்கு அனுப்பும் உத்தரவையும் நிறுத்தியிருக்கும். இரண்டு மாதம் சும்மா இருந்த சுரப்பி சுருங்கிப் போயிருக்கும். அந்தச் சமயம் பார்த்து மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். அக்காவின் உடம்பில் இப்போது இரண்டுமே இல்லை; ஏதாவது ஒன்று இல்லாமல் ரத்த அழுத்தம் நிற்காது.

டாக்டரிடம் சொன்னேன். "நீ லாப் டெக்னீஷியன்தானே? பொட்டலத்து மாத்திரையை நம்பி நான் ஸ்டீராய்டு ஊசி போட முடியாது. பேரைக் கொண்டா" என்றார்.

அதே ஆட்டோவில் பழவங்காடிக்குப் போனேன். கடைக்காரர் பூ வைத்த சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். உடம்பு தேற மாத்திரை என்றதும் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"மோளே, உனக்கா? ஒரு மாசம் தின்னா மதி, அது போதும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேண்டாம்னு சொல்லவே மாட்டாங்க, கேட்டோ."

"பொட்டலம் வேண்டாம். டப்பாவோடு கொடுங்க."

டப்பாவின் மேல் டெக்ஸாமெதசோன் என்று அச்சிட்டிருந்தது. திட்ட வாயெடுத்தேன். திட்ட ஆகும் நேரம் அக்காவுடையது என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் டப்பாவைப் படித்தார். மனசு டாக்டருக்கு எழுதிய சீட்டைக் கிழித்தார். ஊசி போட்டார். சாயங்காலத்துக்குள் அழுத்தம் ஏறியது, அக்கா கஞ்சி கேட்டாள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மாத்திரையை மறுபடி தொடங்கி, பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அப்போ கல்யாணம் வரைக்கும் முகம் இப்படியே இருக்குமோல்லியோ?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னாள். "இருக்காதும்மா. இது மாத்திரை போட்ட மூஞ்சி, போயிடும்னு அவாளுக்கு எழுதிடு."

"கல்யாணம் நின்னு போயிடும்டி!"

"போனாப் போகட்டும். அங்கே போயும் யாராவது தேத்த ஆரம்பிச்சா நான் செத்தே போயிடுவேன்."

அம்மா எழுத மாட்டேன் என்றாள். நான் எழுதினேன். மருந்தின் பெயர், எத்தனை நாள் சாப்பிட்டாள், என்ன செய்தது, இனி என்ன ஆகும் என்று வரிசையாக எழுதினேன். அக்கா படுத்தபடியே வாங்கிப் படித்துவிட்டு, அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள்.