கல்யாணத்துக்கு நல்ல பட்டி

சிவகாசியில நாங்க அச்சடிக்காத மொழி கிடையாது. வாசிக்கத் தெரிஞ்சது என்னமோ தமிழ் மட்டும்தான். நான் வேலை பார்த்த காலண்டர் கம்பெனியில மலையாளத்தை டைப் பண்ண என்னை உட்கார வச்சப்ப, எனக்கு அதுல ஒரு எழுத்தும் தெரியாது. கடைக்காரர் கையால எழுதிக் கொடுத்த தாளை முன்னால வச்சுக்கிட்டு, கொக்கிக்குக் கொக்கி, சுழிக்குச் சுழி பார்த்துப் பார்த்து அடிப்பேன். கோலம் போடத் தெரிஞ்ச எவளும் மலையாளம் அடிச்சிருவா.

அதுக்கு முன்னால நான் பட்டாசு ஆபீசுல திரி வேலை பார்த்தவ. சாயங்காலம் வேன்ல வந்து இறங்கும்போது விரல் பூரா மருந்து, தின்னுற சோறெல்லாம் கசக்கும். இங்கன ஃபேனுக்கு அடியில, கம்ப்யூட்டர் முன்னால நாற்காலி. அந்த நாற்காலியை விட எனக்கு மனசே இல்லை. முதலாளி தெளிவாச் சொல்லிட்டாரு: கேரளாவுல புனலூர் துணிக்கடை ஆர்டர் சரியா வந்தா வேலை நிரந்தரம், சொதப்பினா திரும்பவும் வேன் ஏறிக்கோ.

காலண்டர்ல படமெல்லாம் முன்னாடியே அடிச்சு அடுக்கி வச்சிருப்பாக. அடியில கடைப் பேரும் விளம்பரமும் மட்டும் ஆர்டருக்குத் தக்கன அடிக்கணும். போன் நம்பர்கூட வேண்டாம், ஊருக்கே என்னைத் தெரியும்னுட்டாரு கடைக்காரர். பிழை பார்க்க ஒரு தாள்ல மட்டும் அடிச்ச ப்ரூஃபை அவருகிட்ட காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வர என்னையே அனுப்புனாக. சீசன் நேரம், மத்தியானத்துக்குள்ள போன் வரலைன்னா சரின்னு எடுத்துக்கிட்டு மிஷினை ஓட்டிருவோம்னு போர்மேன் அண்ணன் சொல்லிட்டாரு. பிள்ளையைத் தனியா அனுப்ப மனசில்லாம, தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டுட்டு அம்மாவும் கிளம்பிருச்சு.

அகல ரயில் அப்ப செங்கோட்டையோட நின்னுபோகும். அங்கன இறங்கி, மலை தாண்டிக் கேரளாவுக்குப் போற சின்ன ரயில்ல ஏறணும். ஏறப்போகையில ஒரு போலீஸ்காரர் எந்த ஊருன்னு கேட்டாரு. சிவகாசின்னதும் பையை அவுக்கச் சொல்லிட்டாரு. உள்ள தூக்குவாளியில புளிச்சோறும், ப்ரூஃபும், கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாளும்தான். சிவகாசிக்காரின்னா இடுப்புல சரவெடி கட்டிக்கிட்டா திரிவோம்னு அம்மா அவரையே கேட்டுருச்சு. மனுசன் சிரிச்சுக்கிட்டே போகச் சொல்லிட்டாரு.

முன்னால ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால ஒண்ணு தள்ள, ரயிலு முக்கி முக்கி ஏறுச்சு. பெரிய குகைக்குள்ள நுழைஞ்சதும் பெட்டி பூரா ஒரே ஊளை. அம்மா மட்டும் தூக்குவாளி மூடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. குகை தாண்டினா ஆரியங்காவு, கேரளா. ஸ்டேஷன் பலகையில நான் அடிச்ச அதே கொக்கியும் சுழியும் இருக்கவும் எனக்குப் பெருமை தாங்கலை. ப்ரூஃபை மடியில விரிச்சு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பிச்சேன்.

எதிர் சீட்டுல இருந்த ஒரு சேச்சி எட்டிப் பார்த்து வாசிச்சாக. முந்தானையை வாயில வச்சு அடக்கி அடக்கிச் சிரிச்சாக. பக்கத்துல உள்ளவகளுக்கும் காட்டுனாக.

"மோளே, இது பட்டு அல்ல. பட்டி."

கல்யாணத்துக்கு நல்ல பட்டுன்னு இருக்கணுமாம். பட்டுக்கு எழுத்து மேல சின்னப் பிறை மாதிரி ஒண்ணு வரும். நான் போட்டது கொஞ்சம் நீண்ட கொக்கி. அந்த ஒரு கொக்கியில பட்டு பட்டியாயிருச்சு. மலையாளத்துல பட்டின்னா நாயி. கல்யாணத்துக்கு நல்ல நாயி எங்ககிட்ட கிடைக்கும்னு வருசம் பூரா வீட்டுக்கு வீடு தொங்கப்போகுது.

விசயம் புரிஞ்சதும் அம்மாவுக்கு ரோசம் வந்துருச்சு. எங்க பக்கம் ஊருக்கு ஊரு பட்டிதான், நானே பட்டியில பொறந்து பட்டியில வாக்கப்பட்டவதான்னு அது சொல்ல, பெட்டியே குலுங்கிப்போச்சு. நான் மட்டும் ப்ரூஃபைச் சுருட்டிக்கிட்டு மணி கேட்டேன். மத்தியானம் நெருங்கிருச்சு. இந்தக் காட்டுக்குள்ள போனுக்கு எங்கிட்டுப் போக?

நல்லவேளை, எதிர் வண்டிக்காகத் தென்மலையில நின்னுச்சு. இறங்கி ஒரே ஓட்டம். ஸ்டேஷனுக்கு வெளிய ஒரு போன் பூத் இருந்துச்சு. எதிர் வண்டி வந்து போகவும், அம்மா நேரா ரயில் கார்டுகிட்ட போயிருச்சு. கொடியை ஆட்டிராதீக, எம்மவ வேலை போயிரும்னு அது தமிழ்ல மன்றாட, அவரு மலையாளத்துல என்னமோ கேக்க, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் விளங்கலை. அது விளங்குற வரைக்கும் வண்டி நின்னுச்சு.

போர்மேன் அண்ணன்தான் போனை எடுத்தாரு. தப்பு இருக்குண்ணே, ஓட்டிராதீகன்னு மூச்சு வாங்கச் சொன்னேன். அந்தப் பக்கம் மிஷின் சத்தமே இல்லை. அம்புட்டையும் ஓட்டி முடிச்சுட்டீகளான்னு கேட்டேன்.

"எங்கிட்டுத் தாயி ஓட்ட? காலையில இருந்து உன் மலையாள அச்சுப் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கோம், எது தலை எது காலுன்னு ஒருத்தனுக்கும் தெரியலை. முதலாளியே வந்து பார்த்துட்டு, அந்தப் பிள்ளை வந்தாத்தான் ஆகும்னுட்டாரு."

எங்க வீட்டு ஆளுக யாருக்காகவும் அதுவரைக்கும் ஒரு மிஷினும் நின்னது கிடையாது. பூத்துக்குள்ளயே குலுங்கிக் குலுங்கி அழுதுட்டேன். பூத்துக்காரரு சாவுச் சேதின்னு நினைச்சு எங்கிட்ட காசே வாங்கலை.