மகளின் சொக்ஸும் என் வாயும்

என் மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோனதும் நான் முதலில் செய்த காரியம், தையல் டேப்பால் அவள் தலையை அளந்தது. சனிக்கிழமை இருபத்தொரு அங்குலம். ஞாயிற்றுக்கிழமை கால் அங்குலம் குறைவு. எனக்கு வியர்த்துவிட்டது.

"நேத்து பின்னல் போட்டிருந்தா, இன்னைக்கு அவுத்து விட்டிருக்கா. சுருங்குனது யாரு மண்டையின்னு பாருங்க" என்றாள் மனைவி.

அடங்கினேனா? மூன்று வேளையும் ஞாபகசக்திக்கு வல்லாரைச் சம்பல். கீரையைக் கண்டால் கத்தி, லயத்து வீட்டு வரிசையையே கூட்டுகிற பிள்ளை, ஒரு முனகலும் இல்லாமல் தின்றாள். அந்த அமைதிதான் என்னை ஆஸ்பத்திரிக்கு விரட்டியது.

சிங்கள டாக்டர் அம்மா. மகளிடம் தனியாகப் பேசிவிட்டு என்னை அழைத்தார்.

"மூளை சுருங்கிருச்சுங்களா?"

"இல்ல, பயந்து இருக்கு. வளர்ற வயசுல தினமும் பயந்தா, மூளை எந்த நேரமும் காவல் இருக்கப் பழகிரும். படிச்சத ஞாபகம் வைக்கிறது கஷ்டம். ஸ்கூல்ல பெரட்டு, பெரட்டுன்னு சொல்லுறா. அது என்ன?"

வேலைக்குப் போகுமுன் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. நகரப் பாடசாலையில் சேர்த்த புதிதில், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று நான் அடித்த பகிடி அது.

"தேயிலைக்குள்ள நடந்துதான் பஸ்ஸுக்கு வரணுங்க. அதனால காலையில எங்க புள்ளைக்கு ரோட்டுல பெரட்டு. சொக்ஸக் கழட்டிக் காட்டி, அட்டைப்பூச்சி இல்லன்னாதான் பஸ்ஸுல ஏத்துவோம்."

மண்டபமே சிரித்தது. பின்னால் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை.

அதிலிருந்து இரண்டு பள்ளித் தவணையாக, தினமும் வகுப்பு வாசலில் அந்தப் பிள்ளைகள் அவளை நிறுத்தியிருக்கிறார்கள். "பெரட்டு. சொக்ஸக் கழட்டு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்களும் சிரிப்பீங்கன்னு நெனச்சேம்ப்பா."

பாடசாலைக்குப் போனேன். வகுப்பு டீச்சர் அதை நிறுத்திவிட்டார். பயம் போனால் மெதுவாகச் சரியாகும், அவசரப்படுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாய்ப்பாடு பாதிவரை திரும்பி வந்திருக்கிறது. டேப்பை மனைவி ஒளித்துவைத்துவிட்டாள்.

போன ஞாயிறு, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வாய் சும்மா இராமல் ஏதோ சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே சோற்றுத் தட்டோடு வந்த மகள் சட்டென்று நின்று, குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

வெறுங்கால்.