அக்காத் அரசனுக்குக் கீழே

நான் துப்புரவு செய்யும் அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு கல் முத்திரை, பக்கத்தில் அதைக் களிமண்ணில் உருட்டி எடுத்த பதிவு. மேலே அக்காத் பேரரசனின் பெயர். அதற்குக் கீழேதான் சுமேரிய நகரமொன்றை ஆண்ட ஒருவனின் பெயர். கடைசி வரி: "உன் அடிமை."

காலை ஆறு மணிக்கு அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அவனுக்கு என்னிடம் திட்டு விழும். அட வெட்கங்கெட்டவனே, சொந்த ஊரில், சொந்த ஆட்சிக் கதிரையில் இருந்துகொண்டு எழுதுகிற எழுத்தா இது! நான் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள். ஜெர்மனிக்கு வந்து கண்ணாடி துடைக்கிறேன். திட்டுகிற உரிமையாவது எனக்கு இருக்கக்கூடாதா?

அவன் கதை எனக்குத் தெரியும். வடக்கிலிருந்து வந்த அக்காத் அரசன் சுமேரிய நகரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தான். பல நகரங்களில் தன் ஆட்களை இருத்தினான். சில இடங்களில் உள்ளூர்க்காரனையே விட்டுவைத்தான். கோயில் அதே, வாய்க்கால் அதே, சனமும் அதே. தானியம் அனுப்பு, வேலைக்கு ஆள் அனுப்பு என்ற கட்டளை மட்டும் மேலிருந்து வரும். அதைச் சனத்துக்கு அவர்களுடைய மொழியில் சொல்ல ஒருவன் வேண்டுமே. மறுத்தால்? அடுத்த அரசன் காலத்தில் சில நகரங்கள் கிளர்ந்தெழுந்தன. அவன் மதில்களை இடித்தான், ஆயிரக்கணக்கானோரை ஊரைவிட்டே துரத்தினான்.

போன வருடம் எங்கள் சின்னத் துப்புரவு நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. நாங்கள் ஆறு பேர், எல்லோரும் தமிழ்ப் பெண்கள், நான் குழுத் தலைவி. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தோம். புது மேலாளர் சிரித்தபடி வந்தார். எல்லாம் பழையபடியே இருக்கும், நீங்களே தலைவியாக இருங்கள், உங்களுக்குத்தானே அவர்களின் மொழி தெரியும் என்றார். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் எல்லோருக்கும் கேக் வாங்கிக்கொண்டு போனேன், விசரி.

எங்களில் மூத்தவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருடைய கணவர் பாரிசவாதம் வந்து படுக்கையில். ஓய்வூதியம் கிடைக்க அக்கா இன்னும் மூன்று வருடம் தாக்குப்பிடித்தாக வேண்டும். ஆனால் முழங்கால் தேய்ந்து, படிக்கட்டுத் துடைக்க அவரால் முடியாது. நெடுநாளாக அவருடைய படிகளையும் நான்தான் துடைத்துவந்தேன். அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

மார்கழியில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ஒருவரைக் குறைக்க வேண்டும், யார் என்று நீங்களே எழுதித் தாருங்கள் என்றார். விருப்பமில்லையென்றால் பரவாயில்லை, எங்கள் ஆள் ஒருவரைத் தலைவியாகப் போட்டு, குழுவையே மாற்றிவிடுகிறோம் என்றார். குரலை உயர்த்தவேயில்லை.

இரண்டு நாள் அந்தப் படிவத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அக்காவின் பெயரை எழுதினேன். காரணம் கேட்ட இடத்தில், படிக்கட்டு வேலையைச் செய்வதில்லை என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். மற்ற நால்வரின் பிழைப்பைக் காப்பாற்றத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தலைவி வேலை என் கையை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மறுநாள் காலை அந்த முத்திரைக்காரனைத் திட்ட வாய் வரவில்லை. அவனும் வேலைக்கு ஆட்களைப் பிடித்து அனுப்பியவன்தானே.

ஒரு கிழமை கழித்து அக்கா நிறுவனத்தின் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். ஜெர்மன் கடிதம் எதுவானாலும் நான்தான் அவருக்கு வாசித்துச் சொல்வேன். வேலை நீக்கத்துக்குக் காரணமாக நான் எழுதிக் கொடுத்த வசனத்தை நானே தமிழில் சொன்னேன்.

"ஆர் பிள்ளை இப்பிடி எழுதிக் குடுத்தது?"

"மேல இருக்கிறவை, அக்கா."

"நாசமாய்ப் போவாங்கள்! படுக்கையில கிடக்கிற மனுசனை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?" என்று குலுங்கி அழுதார்.

வேலை போனவர்களுக்கான உதவிப்பண விண்ணப்பத்தை, அந்த அன்ட்ராக்கை, எடுத்து நிரப்பத் தொடங்கினேன்.  அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீ என்ர படியளைத் துடைச்சது அவைக்குத் தெரிய வரக்கூடாது, என்ன? மறைச்சதெண்டு உன்னையும் வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள். ஆர் கேட்டாலும் நான் வாய் திறக்கமாட்டன்."

"ஓம் அக்கா" என்றேன்.