அம்மா வைத்த உண்ணிவேலி

கசக்கிய உண்ணிச்செடி இலையின் நெடி மூக்கில் ஏறினால், கையை எத்தனை முறை கழுவினாலும் போகாது. நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்தச் செடியை முதலில் நட்டவள் என் அம்மா. புத்தூரில் ஒரு பங்களா வேலியில், மஞ்சளும் ரோஸும் ஒரே கொத்தில் பூத்திருந்ததைக் கண்டு மயங்கி, குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஆடு வாய் வைக்காத வேலி என்று ஊரே மெச்சியது. கறுத்துப் பழுத்த பழங்களை நாங்களும் தின்றோம், குருவிகளும் தின்றன.

எங்கள் ஊர் ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்று, நாங்கள் நைனா என்றழைத்த அப்பாவும் மற்றவர்களும் கூடிக்கூடிப் பேசிய காலம் அது. குருவிகள் போட்ட விதை மேய்ச்சல் புறம்போக்கில் முளைத்துப் புதர்களாய்ப் படர்ந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

மழையில்லாத ஒரு கோடையில், பக்கத்து வீட்டு முனியம்மாவின் ஒரே பசு தீனி எடுக்காமல் நிழலைத் தேடித்தேடி நின்றது. கண் மஞ்சளித்து, மூக்குத்தோல் வெந்ததுபோல் உரிந்து, செத்துப்போனது. "கண்ணு பட்டுடுச்சி" என்றார்கள். பிறகு எங்கள் பசு வெள்ளச்சியும் அதேபோல் நிழலில் ஒதுங்கியது. நைனா அழைத்துவந்த மாட்டு டாக்டர் அதன் கண்ணைப் பார்த்துவிட்டு, வேலியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"புல்லு காஞ்சிபோனா இத்தத்தான் துன்னும். ஈரல் கெட்டுப்போச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

வெள்ளச்சி செத்த அன்றே அம்மா முனியம்மாவின் வாசலுக்குப் போனாள். வேண்டாம் என்று நைனா தடுத்தும் கேட்கவில்லை.

"அக்கா, ஒம் மாட்ட கொன்னது என் வேலிதான்."

முனியம்மா சட்டென்று திரும்பி உள்ளே போனாள். அரிவாளோடு வருவாள் என்று பயந்து நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கடப்பாரையோடு வந்தாள்.

"வெட்டிவுட்டா மறுபடியும் தழைக்கும்டி. வேரோட நோண்டணும், வா."

இருவரும் வேலியைத் தோண்டியெடுத்து, காயவைத்து எரித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு மழைக்கும், காய் பிடிப்பதற்கு முன்பே, புறம்போக்கில் முளைத்த கன்றுகளைத் தேடிப் போவார்கள். சதுரமான தண்டு, சொரசொரப்பான இலை. சந்தேகம் வந்தால் கசக்கி முகர்வார்கள். பிடுங்கப் பிடுங்க முளைத்துக்கொண்டே இருந்தது. முதலில் முனியம்மா செத்துப்போனாள். அம்மா தனியாகச் சில வருஷம் பிடுங்கிப் பார்த்தாள்.

எல்லை முடிவாகி, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அந்த இரண்டு பெண்களும் இப்போது இல்லை. ஊரில் மாடுகளும் இல்லை, பாக்கெட் பால்தான். மேய்ச்சல் நிலம் மலையடிவாரம்வரை உண்ணிப்புதராகி, பூத்துக் கிடக்கிறது. போனமுறை ஊருக்குப் போனபோது, அந்த இரண்டு பசுக்களையும் அங்கே புதைத்த இடத்தைத் தேடி அதற்குள் நுழைந்தேன். நாலடிகூட உள்ளே போக முடியவில்லை.