கோபுரத்தைப் பார்த்துக் குதி

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ராஜபாளையத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்து டீச்சர். பாளையங்கோட்டையில் ட்ரெய்னிங் முடித்து வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும், பெண்பிள்ளைகள் ஓடிக் குதிக்க வேண்டும் என்ற எண்ணமும். பெட்டியை வைக்க வீட்டில் இடம் இருந்தது. எண்ணத்துக்குத்தான் இடம் தேட வேண்டியிருந்தது. கடைசியில் ஊருக்கு மேற்கே, தண்ணீர் வற்றிய கண்மாய்க் கரையில் அது கிடைத்தது.

யுத்த காலம். எனக்குப் பத்து வயது இருக்கும். சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். அத்தை அதற்குச் சங்கம் என்று பெயர் வைத்திருந்தாள். கரையின் மேலிருந்து சரிவில் ஓடிவர வேண்டும். பாதிச் சரிவில் மண்ணைக் கொட்டி மிதித்து ஒரு திட்டு கட்டியிருந்தோம். அதன் விளிம்பில் காலை ஊன்றி எம்பினால், கீழே ஓடை மணல் நிரப்பிய குழி. எம்புவதற்கும் விழுவதற்கும் நடுவே ஒரு கணம் உடம்புக்குக் கனமே இருக்காது. அந்தக் கணத்துக்காகத்தான் வாரம் முழுவதும் காத்திருந்தோம்.

“கீழ பாக்காதட்டி! எதுக்க மலையப் பாரு. முட்டிய மடக்கி விழு!” என்று கத்துவாள் அத்தை. விழுந்த இடத்தில் ஒரு வேப்பங்குச்சியை நட்டுவைப்பாள். பக்கத்துத் தோட்டத்தில் களையெடுக்கும் தெலுங்கு பேசும் அம்மாள் ஒருத்தி, நாங்கள் எம்பும்போதெல்லாம் “அய்யோ, வத்து வத்து!” என்று வேண்டாமெனக் கையை ஆட்டுவாள். நல்லபடியாக விழுந்து எழுந்தால் அவளே சிரிப்பாள்.

அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் பண்டிகை. ஆராதனையும் சாப்பாடும் முடிந்தபின் விளையாட்டு. எங்கள் குதிப்பைக் கேள்விப்பட்டு அந்த ஊர்ப் பையன்களும் மைதானத்தில் ஒரு மண்மேடு போட்டுப் பழகியிருந்தார்கள். முதலில் பையன்கள், அடுத்து நாங்கள் என்று பேச்சு.

காலையில் அம்மா தன்னுடைய பட்டுச் சேலையை அத்தைக்குக் கட்டிவிட்டாள். “இன்னைக்கு ஒரு நாளாவது அடக்கமா உக்காரு தாயீ” என்று கெஞ்சவும் செய்தாள். விளையாட்டுக்குப் போகிறவளுக்குப் பட்டு எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

மைதானத்தில், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தை அப்பா நிழலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்து, தாம் உட்காராமல் கூடவே நின்றார். ஒரு பெரியவர், அவர் மனைவி, கோட்டுப் போட்ட மகன். அவ்வளவு தூரத்திலிருந்து எங்கள் குதிப்பைப் பார்க்க ஆள் வந்திருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

பையன்கள் குதித்தார்கள். கடைசியாகக் குதித்தவன் கால் பிசகி விழுந்து அலற, நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். உடனே அந்தச் சபை உபதேசியார் எங்களிடம் வந்தார்.

“பொம்பளப் பிள்ளைக குதிக்க வேண்டாம் டீச்சர். காலு கை ஒடிஞ்சா பொறவு யாரு அதுகளக் கட்டுவா?”

உண்மையில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தப் பையனின் அலறல் காதிலேயே நின்றது. ஆனால் எங்களில் மூத்தவளான எஸ்தர் அழ ஆரம்பித்துவிட்டாள். வரும் மாதம் அவளுக்குக் கல்யாணம். இனி அவளுக்குக் குதிப்பு ஏது?

அத்தை எஸ்தரைப் பார்த்தாள். பெஞ்சுப் பக்கமும் ஒரு தடவை பார்த்தாள்.

“விழத் தெரிஞ்சா ஒண்ணும் ஒடியாதுங்கய்யா. இருங்க, காட்டுதேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுச் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். “ஏ பிள்ள, வேண்டாம்!” என்று அம்மா கூப்பிட்டது கேட்டது. அதற்குள் அத்தை ஓடத் தொடங்கியிருந்தாள். எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பாளே தவிர, அவள் குதித்து நாங்கள் பார்த்ததில்லை. மேட்டு விளிம்பில் எம்பியபோது பட்டு படபடவென்று அடித்தது. முட்டியை மடக்கி மணலில் இறங்கி, ஒரு கை ஊன்றி எழுந்தாள்; பட்டு ஓரத்தில் கிழிந்திருந்தது. பையன்கள் சிலருடைய குச்சிகள் அவளுக்குப் பின்னால் இருந்தன. பிறகு பையன்கள்தான் முதலில் கை தட்டினார்கள்.

“இப்ப வாங்கட்டி,” என்றாள் எங்களைப் பார்த்து.

உபதேசியார் ஒதுங்கி நின்றார். எஸ்தர் குதித்தாள். அடுத்து நான். மேட்டில் ஏறி நின்று மலையைத் தேடினேன். மலை தெரியாமல் மரங்கள் மறைத்தன.

“எதப் பாக்க அத்தே?”

“அந்தா, கோபுரத்தப் பாரு!”

ஆண்டாள் கோயில் கோபுரம் சாய்வெயிலில் நின்றது. உபதேசியார் தொண்டையைச் செருமினார். நான் கோபுரத்தைப் பார்த்தபடியே ஓடினேன். எம்பினேன். விழுந்தபோது வாயெல்லாம் மணல், ஒன்றும் ஒடியவில்லை.

எழுந்து திரும்பினால் பெஞ்சு காலி. பெரியவரும் மனைவியும் விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடக்க, அப்பா ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினார். கோட்டுப் போட்டவர் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அப்பா முன்னால் தனியாக உட்கார்ந்து வந்தார். அம்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விருந்தாளிகளுக்கென்று அப்பா வாங்கிய பால்கோவாப் பொட்டலம் எங்களிடமே தங்கிவிட்டது. அத்தை அதைப் பிரித்து எனக்கு ஊட்டினாள். பட்டுச் சேலை கிழிந்ததால் வீட்டில் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்பதும், அது காலையிலேயே அத்தைக்குத் தெரியும் என்பதும், அதற்குப் பிறகு யாருமே வரவில்லை என்பதும் எனக்கே கல்யாணமான பின் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

“பயமா இருந்துச்சாட்டி?” என்று கேட்டாள் அத்தை.

“இல்லத்தே,” என்று பொய் சொன்னேன்.

“எனக்கு இருந்துச்சு.”

“உங்களுக்கா? அம்புட்டுத் தூரம் குதிச்சீகளே!”

அத்தை சிரித்துக்கொண்டே கூந்தலிலிருந்து மணலை உதறினாள். மண்மேட்டிலிருந்து குதித்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, நான் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தேன்.