பித்தளைக்கு வெள்ளி விலை

பழங்காசு வியாபாரிக்கு நகம் நீளமாகவும் நாக்கு குட்டையாகவும் இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் மாறி அமைந்துவிட்டன.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, இலங்கையின் ஐம்பது சதக் காசைப் பித்தளையில் அடித்தார்கள். பிறகு யார் யாரோ அதற்கு வெள்ளி முலாம், தங்க முலாம் எல்லாம் பூசினார்கள். அவை எல்லாமே கடைசியில் நியாய விலை கேட்டு கண்டியில் என் கடைக்குத்தான் வந்து சேர்ந்தன. கடை வைத்து நொந்தவர்களே, மற்றதை நீங்களே ஊகிப்பீர்கள்.

சுரண்டியது யார் குற்றம்?

அலவத்துகொடையில் இரும்புக் கடை வைத்திருந்த ரஷீத் நானா ஒருநாள் பளபளவென்று ஒரு ஐம்பது சதத்தைக் கொண்டுவந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கியதாம். "இதுல போட்டிருக்கிற வருஷம் வெள்ளியில அடிக்கவே இல்லையாம். அதனாலதான் இது ஒலகத்துலயே ஒண்டுதான்" என்றார்.

"அடிக்கவே இல்லையென்றால் இது எங்கிருந்து வந்தது நானா?" என்று கேட்டுவிட்டு, விளிம்பில் ஊசியால் லேசாகச் சுரண்டினேன். மஞ்சள் எட்டிப் பார்த்தது. நானா அந்த மஞ்சளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். வருத்தமாகத்தான் கேட்டார்:

"மொதலாளி, நீங்க சுரண்டாம இருந்திருந்தா இது வெள்ளிதானே?"

பெரிய பாதி

ஹந்தானைத் தோட்டத்துச் செல்லம்மா புருஷனோடு வந்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காசுமாலையை எடுத்து வைத்தாள். மாலை என்று சொல்லக்கூடாது, பாதி மாலை. அம்மா செத்த பிறகு அக்காவும் இவளும் பிரித்துக்கொண்டார்களாம். "பெரிய பாதிய அக்கா எடுத்துக்கிச்சு. அன்னையிலேருந்து பேச்சுவார்த்தை இல்லீங்க" என்றாள். மகள் கல்யாணத்துக்கு விற்க வேண்டும்.

எல்லாம் யுத்தகாலத்துப் பித்தளைக் காசுகள். மேலே தங்க முலாம். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மேசையைத் துடைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன். கடைசியில் சொல்லியே விட்டேன். புருஷன்காரன் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டான். செல்லம்மாவின் முகமோ மெல்ல மெல்ல மலர்ந்ததைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

"அப்ப அக்கா தூக்கிட்டுப் போன பெரிய பாதியும் பித்தளைதானே? கல்யாணத்துக்கு அக்காவையும் கூப்பிட்டுருவோம், அண்ணே!"

உள்ளதைச் சொன்னால் குடும்பம் பிரியும்

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று கண்டியிலேயே தங்கிவிட்டவர், ஒருநாள் பதுங்கிப் பதுங்கி உள்ளே வந்தார். யுத்தகாலத்தில் கலியாணம் செய்தபோது, பெண்ணுக்கு வெள்ளிக் காசு என்று இவர் கொடுத்தது முலாம் பூசிய பித்தளை. "மனுசி இப்ப விலை பார்க்கவேணும் எண்டு நிக்கிறா. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாறன். வெள்ளியெண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். நான் காசைத் தூக்கிப் பார்த்து, "நல்ல வெள்ளி அம்மா" என்றேன். புருஷன் முகத்தில் உயிர் வந்தது.

"என்ன விலை போகும்?" என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

"அப்ப எடுங்கோ. நான் விக்கிறன்."

நான் புருஷனைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்தார். வேண்டாம் என்றால் பொய் வெளியாகிவிடும். வேறு வழியில்லாமல் மேசை லாச்சியைத் திறந்து, முழு வெள்ளி விலையையும் எண்ணிக் கொடுத்தேன். அம்மா அதைக் கைப்பையில் வைத்தார். புருஷனை முதலில் படியிறங்க விட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

"தம்பி, பித்தளைக்கு இவ்வளவு தாறியளெண்டால், வீட்டில ஒரு குத்துவிளக்கும் கிடக்கு."

இந்தத் தொழிலில் என்ன சம்பாதித்தாய் என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அதே கடையில் நான் விற்கிற குடைகளாலும் கண்டி மழையாலும்தான்.