மட்டை கட்டிய சுண்டு விரல்

விரலுக்கு என்ன ஆச்சு, விரலுக்கு என்ன ஆச்சு... பார்க்கிறவர்களுக்கெல்லாம் இதே கேள்விதான். உங்கள் வீட்டு அடுப்பில் ஒன்றும் தீயவில்லையா? அடுத்தவள் விரலில் அப்படி என்ன அக்கறை?

சரி, சொல்லித் தொலைக்கிறேன். யானை மிதிக்கவில்லை. மெத்தைக்கு அடியில் பெட்ஷீட்டைச் செருகினேன் — அவ்வளவுதான். இடது கை சுண்டு விரல் 'டக்' என்றது. எடுத்துப் பார்த்தால் நுனி மட்டும் தலை குனிந்து நிற்கிறது, பரீட்சையில் பெயிலான பிள்ளை மாதிரி. பெரிதாக வலிகூட இல்லை. தூக்கிவிட்டால் நிமிரும், விட்டால் குனியும்.

பேராதனை ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். நுனியைத் தூக்குகிற நரம்பு அறுந்துவிட்டதாம். கிரிக்கெட் பந்து பட்டவர்களுக்கும் பெட்ஷீட் செருகுகிறவர்களுக்கும் வருமாம். வெளியில் நான் முதல் பாதியை மட்டும்தான் சொன்னேன். பிளாஸ்டிக் மட்டை வைத்துக் கட்டிவிட்டு, ஆறு வாரம் நுனி ஒரு தடவைகூடக் குனியக் கூடாது, குனிந்தால் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும் என்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளிடம் போய் எண்ணச் சொன்னால்?

ஐந்து வாரம் எண்ணி முடித்தபோது எலெக்‌ஷன் வந்தது. இலங்கையில் மை வைப்பது எந்த விரலில்? அதே விரலில்தான்.

போகாமல் இருங்களேன் என்றாள் மருமகள். இருப்பேனா? தோட்டத்து ஆட்களான எங்களுக்குப் பிரஜாவுரிமையும் ஓட்டும் கிடைத்தபோது எனக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அன்றிலிருந்து ஒன்றைக்கூட விட்டதில்லை.

அம்பிட்டியவில் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. மை வைக்கிற பெண் மட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து விரலுக்குப் போனாள். ஓரத்துக் கதிரையிலிருந்து ஒரு கட்சி ஏஜென்ட் எழும்பினார். கட்டுக்குள்ளே ஏற்கெனவே மை இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி... எனக்கு அந்த யோசனை வராமல் போயிற்றே!

பெரிய ஆபீசர் வந்தார். சின்ன வயசு, சிங்களத்துப் பிள்ளை. தமிழ் நன்றாகவே பேசினார்.

"அம்மே, கழட்டிக் காட்டினாத்தான் ஓட்டுத் துண்டு தர ஏலும்."

கழற்றினால் ஐந்து வாரம் பாழ். கழற்றாவிட்டால் ஓட்டுப் பாழ். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது.

விரலைக் கழுவுகிறபோது இன்னொருவர் நுனியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் மருமகள் பிடிப்பாள். இங்கே?

"கழட்டுறேன் மாத்தயா. ஆனா நுனி கீழ விழாம நீங்கதான் புடிக்கணும். விட்டீங்கன்னா ஆறு வாரம் எங்க வீட்டுப் பாத்திரத்த நீங்கதான் வந்து கழுவணும்."

மனிதர் மூச்சுவிடாமல் பிடித்தார். மட்டையை உருவினேன். ஊறிப்போன வெள்ளை விரல்; மையே இல்லை. ஏஜென்ட் எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் மை வைத்தாள். அது காயும்வரை ஆபீசருக்கு விடுதலை இல்லை.

"ஏன் மாத்தயா இப்பிடி இறுக்கிப் புடிக்கிறீங்க? கல்யாணத்துல அக்கினி சுத்துறப்ப எங்க வீட்டுக்காரரும் இந்த விரலத்தான் புடிச்சாரு. விட்டா ஓடிருவேன்னு அவரும் இப்பிடித்தான் இறுக்கினாரு."

ஏஜென்ட்கூடச் சிரித்துவிட்டார். மட்டையை மாட்டிக்கொண்டு போய் ஓட்டைப் போட்டேன்.

அடுத்த வாரம் கட்டு அவிழ்த்தார்கள். விரல் நிமிர்ந்து நின்றது, நுனியில் மையோடு. பக்கத்து வீட்டுப் புஷ்பம் தன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தாள். வந்தது விரலைப் பார்க்கவா? யாருக்குப் போட்டேன் என்று துருவத்தான்.

"அது மட்டும் சொல்ல மாட்டேன்டி. எங்க வீட்டுக்காரருக்கு அப்புறம் என் சுண்டு விரலப் புடிச்ச ஆம்பள ஒரு கவர்மென்ட் ஆபீசரு... அத வேணும்னா தெருவெல்லாம் சொல்லு."